மாதிரிப் படகுக்கு எத்தனை வோல்ட்?



கரையில் நின்றபடி ரேடியோவினால் நடத்தப்படும் மாதிரிப் படகுக்கு எத்தனை வோல்ட் பேட்டரி வைப்பது, எத்தகைய மோட்டாரைப் பூட்டுவது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கேட்பதற்கு இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆயினும், மாதக்கணக்கில் மரத்தை இழைத்து, பலகை சேர்த்து, வர்ணம் தீட்டிக் கட்டிய ஒரு படகு நீரில் இறங்கிய முதல் நாளிலேயே மோட்டார் கருகி நடுக்குளத்தில் நின்றுபோவதைக் கண்டவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கலையில் புதிதாக ஈடுபடும் அன்பர்கள் பெரும்பாலும் எப்படிக் கேட்கிறார்கள்? "ஐயா, மோட்டார் வாங்கிவிட்டேன். ஆறு வோல்ட் கொடுக்கட்டுமா, பன்னிரண்டு வோல்ட் கொடுக்கட்டுமா? பன்னிரண்டு கொடுத்தால் இன்னும் வேகமாகப் போகுமல்லவா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் ஆர்வம் இருக்கிறது, உற்சாகம் இருக்கிறது. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் மோட்டார், அடுத்தது பேட்டரி, அதற்கடுத்தது படகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் தண்ணீர் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் சொல்லுவது இதற்கு நேர்மாறானது. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்! படகு என்ன வேகத்தில் செல்லத் தக்கது என்பதைத் தண்ணீர் சொல்லும். அந்த வேகத்துக்குப் புரொப்பெல்லர் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை வேகம் சொல்லும். அந்தச் சுற்றைத் தரக்கூடிய மோட்டார் எது என்பதைச் சுற்று சொல்லும். அந்த மோட்டாருக்கு எத்தனை வோல்ட் என்பது தானே விளங்கிவிடும். வோல்ட் என்பது நம் ஆராய்ச்சியின் முதற்படி அன்று, அதன் முடிவு.

மின்சாரத்தால் படகு செலுத்தும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1838-ஆம் ஆண்டிலேயே, ருஷ்யாவின் தலைநகராக இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், மாரிட்ஸ் ஜாகோபி என்னும் விஞ்ஞானி, நெவா நதியில், பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, தாம் அமைத்த மின்மோட்டாரினால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். படகு நகர்ந்தது, ஆனால் மிகவும் மெதுவாகவே நகர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் என்ன செய்தார்? துத்தநாகமும் செம்பும் கொண்ட பழைய கலங்களை விட்டுவிட்டு, அப்போதுதான் வில்லியம் க்ரோவ் கண்டுபிடித்திருந்த, துத்தநாகமும் பிளாட்டினமும் கொண்ட புதிய கலங்களை ஏற்றினார். பழைய கலம் ஒவ்வொன்றும் தந்தது ஏறக்குறைய 1.1 வோல்ட், க்ரோவின் கலம் தந்ததோ ஏறக்குறைய 1.9 வோல்ட். குறைந்த எண்ணிக்கையான கலங்களிலேயே படகின் வேகம் கூடியது. ஆனால் அந்தக் கலங்களில் இருந்த நைட்ரிக் அமிலத்திலிருந்து எழும் பழுப்பு நிறப் புகை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூச்சை அடைக்கக் கூடியது. வோல்ட்டுக்கும், கலத்தின் எடைக்கும், அதனால் விளையும் அபாயத்துக்கும் இடையே ஒரு சமரசம் செய்துகொள்ள வேண்டிய அவசியம், மின்படகு பிறந்த அந்த நாளிலேயே பிறந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அதன்பின் அறுபது ஆண்டுகள் சென்று, 1898-இல், நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பு ஏதுமின்றி நடத்திக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி அவருக்கு அதற்கான அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதன் எண் 613,809. சேமிப்பு மின்கலம், புரொப்பெல்லரைச் சுழற்ற ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப மற்றொரு மோட்டார், அலையை வாங்கிக்கொள்ளும் கருவி ஆகிய இவ்வளவும் அந்தப் படகின் வயிற்றுக்குள் இருந்தன. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் குளத்தில் விடும் படகுக்குள் இருப்பவையும் இவையே. உறுப்புகள் நுண்மை அடைந்திருக்கின்றன, அமைப்பு மாறவில்லை.

இனி நீரைக் கேட்போம்!

இங்கிலாந்தில், வில்லியம் ஃப்ரூட் என்னும் பொறியியல் அறிஞர், 1870-களின் தொடக்கத்தில், டார்க்கீ என்னும் ஊரில் தம் வீட்டுக்கு அருகே ஒரு நீண்ட தொட்டியைக் கட்டி, கெட்டி மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை அதில் இழுத்து, நீர் அவற்றை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பார்த்தார். அவர் நிறுவிய நியதி நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும் வரப்பிரசாதம். பெரிய கப்பல் எழுப்பும் அலையைப் போன்ற அலையைச் சிறிய மாதிரியும் எழுப்ப வேண்டுமானால், வேகத்தை எத்தனையில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்? நீளத்தை எத்தனையில் ஒரு பங்காகக் குறைத்தோமோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வேகத்தை வகுக்க வேண்டும். எடையோ அந்த எண்ணின் கனத்தால் குறையும். இந்த இரண்டு வரிகளை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, அடுத்தவர் படகைப் பார்த்து மயங்க வேண்டியதுமில்லை.

இரண்டு படகுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். சுபாவத்தில் மட்டும் துருவங்கள்.

முதலாவது, துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கும் இழுவைப் படகு. உண்மைப் படகு 30 மீட்டர் நீளமும், 300 டன் எடையும், 12 நாட் வேகமும் உடையதென்று வைத்துக்கொள்வோம். அதை 32-இல் ஒரு பங்காகச் செய்கிறோம். நீளம் 94 சென்டிமீட்டர் ஆகிறது. 32-இன் வர்க்கமூலம் 5.66, ஆகவே மாதிரியின் வேகம் வினாடிக்கு 1.09 மீட்டர், அதாவது, கரையோரமாக ஒருவர் சாவதானமாக நடந்து செல்லும் வேகம். எடை? 32-இன் கனம் 32,768. 300 டன்னை அதனால் வகுத்தால் 9 கிலோவுக்குச் சற்று அதிகம்.

இரண்டாவது, இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் எல்கோ நிறுவனம் கட்டிய 80 அடி டார்ப்பிடோப் படகு. பின்னாளில் ஜனாதிபதியான கென்னடி 1943-இல் தலைமை தாங்கிச் சென்ற பி.டி. 109 இந்த வகையைச் சேர்ந்ததே. மூன்று பாக்கார்ட் பெட்ரோல் எஞ்சின்கள், மூன்று புரொப்பெல்லர்கள், 41 நாட் வேகம், ஏறத்தாழ 56 டன் எடை. இதை 24-இல் ஒரு பங்காகச் செய்தால் நீளம் ஒரு மீட்டரும் சற்றும். வேகம் வினாடிக்கு 4.3 மீட்டர்; ஓடினால்தான் ஈடுகொடுக்க முடியும். எடையோ, 24-இன் கனமாகிய 13,824-ஆல் வகுக்க, 4 கிலோ மட்டுமே!

பாருங்கள்! ஒரே நீளமுள்ள இரண்டு படகுகளில் ஒன்று 9 கிலோ, நடை வேகம். மற்றொன்று 4 கிலோ, ஓட்ட வேகம். இரண்டுக்கும் ஒரே மோட்டார் பொருந்துமா? ஒரே பேட்டரி பொருந்துமா? இன்னும் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் பாதி விடை வந்துவிட்டது.

அடுத்தது புரொப்பெல்லர். அதன் ஒவ்வொரு சுற்றும், திருகாணி மரத்துக்குள் முன்னேறுவதுபோல், இவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதைப் பிட்ச் என்கிறோம். ஆனால் நீர் மரத்தைப் போல உறுதியான பொருள் அன்று. இடம் விட்டு நழுவக் கூடியது. ஆகவே சுற்றுக்குக் கிடைக்கும் முன்னேற்றத்தில் ஒரு பகுதி நழுவலாகப் போய்விடுகிறது. கனத்த இழுவைப் படகில் பத்தில் நான்கு பங்குகூட நழுவும். விரைவுப் படகில் நான்கில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். இழுவைப் படகுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 40 மில்லிமீட்டர் பிட்சும் உள்ள புரொப்பெல்லர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ஒரு சுற்றில் உண்மையாக முன்னேறுவது 24 மில்லிமீட்டர். வினாடிக்கு 1.09 மீட்டர் செல்ல, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,700 சுற்றுகள் வேண்டும். டார்ப்பிடோப் படகுக்கு 35 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் பிட்சும் உள்ளவற்றை எடுத்தால், அதே கணக்கின்படி நிமிஷத்துக்கு 7,600 சுற்றுகள். கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் இருந்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது.

இப்போது நான் சொல்லப்போவதை எல்லாவற்றையும்விட உன்னிப்பாகக் கேட்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். புரொப்பெல்லரின் சுற்றை இரண்டு மடங்காக்கினால், அதைச் சுழற்றத் தேவையான முறுக்கு நான்கு மடங்காகிறது. தேவையான சக்தியோ எட்டு மடங்காகிறது! சுற்றை மாற்றாமல் விட்டத்தை மட்டும் கூட்டினாலோ, சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறுகிறது. 40 மில்லிமீட்டர் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு அதே வடிவமுள்ள 50 மில்லிமீட்டர் புரொப்பெல்லரை மாட்டினால், அதே சுற்றுக்கு மூன்று மடங்கு சக்தி வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமோ ஒரு விரற்கடைகூட இல்லை.

"பன்னிரண்டு கொடுத்தால் இன்னும் வேகமாகப் போகுமல்லவா?" என்று கேட்ட அன்பருக்கு இப்போது விடை சொல்லலாம். 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுத்துக்கொண்டு சுகமாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று. புரொப்பெல்லரை மாற்றாமல் 12 வோல்ட் கொடுக்கிறார். சுற்று ஏறத்தாழ இரட்டிக்க முயல்கிறது. முறுக்கு நான்கு மடங்கு வேண்டும். முறுக்கு என்பது ஆம்பியரைப் பின்பற்றுவது. ஆகவே 3 ஆம்பியர் 12 ஆம்பியரை நோக்கி ஏறுகிறது. 18 வாட் எடுத்த மோட்டார் 144 வாட்டை நோக்கிப் போகிறது. மோட்டாரின் செம்புச் சுற்றில் பிறக்கும் உஷ்ணமோ ஆம்பியரின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், பதினாறு மடங்கு! சுமை ஏற ஏறச் சுற்று சற்றுத் தளர்வதால், நடைமுறையில் இந்த எண்கள் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பதினாறு மடங்கு பன்னிரண்டு மடங்காகக் குறைந்தால் மட்டும் மோட்டார் பிழைத்துவிடுமா? காற்றுப் புகாத படகின் வயிற்றுக்குள், விசிறி இல்லாமல், மேல்தளம் மூடிய நிலையில் அல்லவா அது உழைக்கிறது?

படகாவது அதற்குத் தக்க வேகம் எடுத்ததா என்றால், அதுவும் இல்லை. இழுவைப் படகின் உடல், நீரைப் பிளந்து செல்லும்படி அமைந்ததேயன்றி, நீரின்மேல் ஏறிச் சறுக்கும்படி அமைந்ததன்று. தன் நீளத்துக்கு ஏற்ற வேகத்தைத் தாண்டச் சொன்னால், முன்னே ஒரு பேரலையை எழுப்பிவிட்டு, பின்பகுதியை நீருக்குள் அழுத்திக்கொண்டு, அங்கேயே நின்று திணறும். செலவழித்த சக்தியெல்லாம் அலையாகவும் உஷ்ணமாகவும் போகும். பார்ப்பவர்களுக்கும் அது அழகாக இராது. நிஜமான இழுவைப் படகு ஒருகாலும் அப்படிப் போகாது.

இனி மோட்டாரிடம் வருவோம்.

கடைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் 540 என்னும் மோட்டாரை ஒருமுறை திறந்து பாருங்கள். பழுதான ஒன்றைத் திறந்தாலும் போதும். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள பளபளப்பான இரும்புக் கூடு. அதன் உட்சுவரில் ஒட்டிய, வளைந்த இரண்டு காந்தங்கள். நடுவே அச்சில் ஏறிய ஆர்மேச்சர். அதன் மூன்று கால்களில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அச்சின் ஒரு முனையில், மூன்று துண்டுகளாகப் பிளவுபட்ட செம்பு வளையம், அதுவே கம்யூட்டேட்டர். அதன் இரு பக்கமும் அழுந்தி நிற்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள். நன்றாக உழைத்த மோட்டாரில் அந்தச் செம்பு வளையம் காப்பித் தூளின் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். வதைபட்ட மோட்டாரில் துண்டுகளின் ஓரம் கருகி, குழி விழுந்து, பிரஷ் பாதியாகத் தேய்ந்திருக்கும். கூட்டை மோந்து பார்த்தால் வார்னிஷ் தீய்ந்த வாடை அடிக்கும். அந்த வாடை ஒன்றே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும்.

இந்தக் கூட்டுக்குள் மெல்லிய கம்பியைப் பல சுற்றுகள் சுற்றலாம். பருத்த கம்பியைச் சில சுற்றுகளே சுற்றலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே இரண்டும் முற்றிலும் வேறு. ஆதலால் 540 என்பது கூட்டின் அளவைக் குறிக்கிறதேயன்றி மோட்டாரின் சுபாவத்தைக் குறிக்கவில்லை. "எனக்கு ஒரு 540 கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது போதாது. அதன் சுபாவத்தைச் சொல்லும் எண் வேறொன்று இருக்கிறது: வோல்ட் ஒன்றுக்குச் சுமையின்றி நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதே அது. கே.வி. என்று இந்நாளில் எல்லோரும் சொல்லுகிறார்கள். கே.வி. 1,000 என்றால், 10 வோல்ட் கொடுத்தபோது வெறுமனே 10,000 சுற்று.

ஏன் இப்படி வோல்ட்டுக்கு இவ்வளவு என்று கட்டுப்பட்டுச் சுற்றுகிறது? சுழலும் மோட்டார் அதே சமயத்தில் ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது என்பதே காரணம். சுற்ற ஆரம்பித்தவுடன், வருகின்ற மின்சாரத்துக்கு எதிராகத் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் ஏற ஏற அந்த எதிர்ப்பும் ஏறி, பேட்டரியின் அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஈடாகும் இடத்தில் வேகம் நிலைபெறுகிறது. இந்த எதிர்ப்புதான் மோட்டாருக்குக் காவல். புரொப்பெல்லரில் பாசியோ கயிறோ சிக்கிச் சுழற்சி அடியோடு நின்றுவிட்டால், காவலும் நின்றுவிடுகிறது. பிறகு மின்சாரத்தைத் தடுக்க இருப்பது செம்புக் கம்பியின் சொற்பத் தடை மட்டுமே. தடை 0.2 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 60 ஆம்பியர்! சில வினாடிகள் போதும்.

கே.வி. எண்ணுக்கு மற்றொரு முகமும் உண்டு. அது உயர்ந்தால் ஆம்பியர் ஒன்றுக்குக் கிடைக்கும் முறுக்கு குறையும். அது தாழ்ந்தால் முறுக்கு கூடும். ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெறலாம். அதிகச் சுற்றுக்கென்று பிறந்த மோட்டாரைக் கொண்டுபோய்ப் பெரிய புரொப்பெல்லரோடு பிணைப்பது, பந்தயக் குதிரையைப் பாரவண்டியில் பூட்டுவதாகும்.

நம் இரண்டு படகுகளுக்கும் எண்ணை நிர்ணயித்துவிடுவோம். சுமையோடு ஓடும்போது மோட்டார் தன் வெறுஞ்சுற்றில் நான்கில் மூன்று பங்குக்குக் கீழே இறங்கலாகாது என்பது நான் கைக்கொள்ளும் விதி. பிரஷ் மோட்டார் மிகுந்த சக்தி தருவது பாதிச் சுற்றில்தான் என்று புத்தகங்களில் படித்துவிட்டு, அந்த இடத்தில் ஓட்டலாமே என்று சிலர் எண்ணுவதுண்டு. அந்த இடத்தில், உள்ளே போகும் சக்தியில் பாதிக்குமேல் உஷ்ணமாக மாறுகிறது என்பதையும் அதே புத்தகம் அடுத்த வரியில் சொல்லியிருக்கும். ஆகவே நான்கில் மூன்று பங்கு. இழுவைப் படகுக்குச் சுமையில் 2,700 என்றால், வெறுஞ்சுற்று 3,600. 12 வோல்ட் வைத்தால் கே.வி. 300, 6 வோல்ட் வைத்தால் கே.வி. 600. டார்ப்பிடோப் படகுக்குச் சுமையில் 7,600 என்றால் வெறுஞ்சுற்று ஏறத்தாழ 10,000. 11.1 வோல்ட்டுக்குக் கே.வி. 900, 7.4 வோல்ட்டுக்கு 1,350.

கவனித்தீர்களா? 6 வோல்ட்டிலும் அதே சுற்று, 12 வோல்ட்டிலும் அதே சுற்று! வோல்ட் வேறு, வேகம் வேறு. வோல்ட்டும் கே.வி.யும் சேர்ந்து பெருகிய பலனே வேகம். அப்படியானால் உயர்ந்த வோல்ட்டால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி உங்களில் பலருக்கு எழுந்திருக்கும். எழ வேண்டிய கேள்விதான்.

பிரயோஜனம் ஆம்பியரில் இருக்கிறது. டார்ப்பிடோப் படகின் மூன்று மோட்டார்களுக்கும் சேர்த்து 150 வாட் வேண்டும் என்று கொள்வோம். 7.4 வோல்ட்டில் அது 20 ஆம்பியர்; 11.1 வோல்ட்டில் 13.5 ஆம்பியர். அதே ஒயர், அதே சொருகி, அதே ஃப்யூஸ். ஆனால் வழியில் வீணாகும் உஷ்ணம் பாதிக்கும் குறைவு. ஆகையால், சக்தி மிகுதியாக வேண்டிய இடத்தில் வோல்ட்டைக் கூட்டி, கே.வி.யைக் குறைப்பதே விவேகம். நம் இழுவைப் படகோ, தனியாகச் செல்லும்போது பத்துப் பதினைந்து வாட்டுக்குமேல் கேட்காது! 9 கிலோ எடையுள்ள படகு 4 கிலோப் படகில் பத்தில் ஒரு பங்கு சக்தியில் திருப்தி அடைகிறது. மெதுவாகப் போவதன் மகிமை அவ்வளவு. அதற்கு 6 வோல்ட்டும் போதும், 12 வோல்ட்டும் போதும். பொருத்தமான மோட்டார் எந்த வோல்ட்டில் கிடைக்கிறதோ, அந்த வோல்ட்டே உத்தமம்.

கே.வி. 300 உள்ள மோட்டார் கிடைக்கவில்லை என்றால், மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்துச் சுற்றைக் குறைத்துக்கொள்ளலாம். பல்சக்கரம் சற்று இரையும்; பெல்ட் இரையாது. எனக்குப் பெல்ட்டே உவப்பு.

பிரஷ் இல்லாத மோட்டார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று ஒயர்கள் வெளியே நிற்கும் இந்த வகை, தேய்மானமும் பொறியும் இல்லாதது. அதே சக்திக்கு எடை குறைந்தது. விரைவுப் படகுக்கு இதற்கு இணை இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அச்சின் நிலையை உணரும் கருவி இல்லாத மலிவான வகைகள், மிக மெதுவாகப் புறப்படும்போது விக்கி விக்கிப் புறப்படும். அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கப்பலின் பக்கத்தில் மெத்தென்று அணைய வேண்டிய இழுவைப் படகுக்கு அது லட்சணம் அன்று. அங்கே பழைய பிரஷ் மோட்டார் இன்றும் தன் ஸ்தானத்தை இழக்கவில்லை. மேலும், விமானங்களுக்கென்று செய்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றமாட்டா. படகுக்குப் பின்னோட்டமே பிரேக். அது இல்லாவிட்டால் கரையில் மோத வேண்டியதுதான். படகுக்கென்று செய்ததையே கேட்டு வாங்குங்கள். பிரஷ் மோட்டார் வைப்பவர்கள், பொறியினால் ரேடியோ குழம்பாதிருக்க, இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்துவிட வேண்டும்.

அன்பர்களே, இப்போதுதான் பேட்டரியிடம் வருகிறோம். எவ்வளவு தூரம் நடந்து வந்தபின் வருகிறோம் பாருங்கள்!

வோல்ட் என்பது நாம் விரும்பியபடி கிடைப்பதன்று. கலத்தின் ரசாயனம் அதை விதித்திருக்கிறது. ஈயக் கலம் 2 வோல்ட். ஆகவே மூன்று கலம் 6, ஆறு கலம் 12. நிக்கல் கலம் 1.2 வோல்ட், ஆறு கலம் சேர்ந்து 7.2. லித்தியம் பாலிமர் கலம் 3.7; மூன்று சேர்ந்தால் 11.1, முழுதும் ஏற்றியவுடன் 12.6. லித்தியம் இரும்பு பாஸ்பேட் 3.2, நான்கு சேர்ந்தால் 12.8, ஈயப் பேட்டரி இருந்த இடத்தில் மோட்டாரை மாற்றாமலே இதை வைக்கலாம்.

இவற்றில் எது சிறந்தது? நீரைக் கேளுங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன். இழுவைப் படகு 9 கிலோ எடை இருந்தால்தான் நீர்க்கோடு வரை அமிழும். உடலும் மோட்டாரும் மற்றவையும் சேர்ந்து 4 கிலோ என்றால், மீதி 5 கிலோ எங்கிருந்து வரும்? ஈயக் குண்டுகளைப் போட்டு நிரப்ப வேண்டும். ஈயத்தைச் சும்மா சுமப்பதைவிட, மின்சாரம் தரும் ஈயத்தைச் சுமப்பது மேலல்லவா? 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி உள்ள மூடிய ஈயப் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அதைக் கீல் மரத்தின்மேல், எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ வையுங்கள். படகு காற்றுக்குச் சாயாது, அலைக்குத் துள்ளாது, உண்மைக் கப்பலைப் போலவே நிதானமாக அசையும். ஏறத்தாழ ஓர் ஆம்பியர்தான் செலவு என்பதால், பேட்டரியைப் பாதி மட்டுமே வற்றவிட்டாலும் மூன்று மணி நேரம் கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தவுடன் மின்னேற்றிவிட வேண்டும். வற்றிய நிலையிலேயே வாரக்கணக்கில் போட்டுவைத்த ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப்போய், மறுபடியும் முழுச் சக்தியைத் தருவதில்லை.

டார்ப்பிடோப் படகிலோ மொத்தமே 4 கிலோ. அதில் இரண்டு கிலோ ஈயத்தை ஏற்றினால் அது நீரின்மேல் எழவே எழாது. இங்கே லித்தியம் பாலிமர் ஒன்றே வழி. 11.1 வோல்ட், 5 ஆம்பியர் மணி உள்ள கட்டு, அரை கிலோவுக்கும் குறைவு. 13.5 ஆம்பியர் வீதம் எடுத்தால், ஐந்தில் ஒரு பங்கைப் பேட்டரியிலேயே விட்டுவைத்துக்கூடப் பதினேழு, பதினெட்டு நிமிஷம் ஓடலாம். ஆனால் இதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். கலம் எதுவும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. கலங்களைச் சமப்படுத்தும் சார்ஜரிலேயே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். உப்பிய கட்டை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் கையில் இதைத் தனியே கொடுப்பதற்கு நான் ஒருகாலும் சம்மதிக்கமாட்டேன்.

கணக்கெல்லாம் முடிந்தது. ஆனாலும் கணக்கை மட்டும் நம்பிப் படகை நடுக்குளத்துக்கு அனுப்பாதீர்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓர் அம்மீட்டரை வைத்து, படகைக் கரையோரத்தில் கயிற்றால் கட்டி, நீரில் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கட்டுண்ட நிலையில்தான் புரொப்பெல்லர் மிகுந்த சுமையைத் தரும். அம்மீட்டர் காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஃப்யூஸ் அந்த எண்ணுக்குச் சற்று மேலே இருக்கட்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தாங்கும் அளவு ஃப்யூஸுக்கும் நன்றாக மேலே இருக்கட்டும். ஃப்யூஸைப் பேட்டரியின் பக்கத்திலேயே வையுங்கள். எதிர்பார்த்ததைவிட எண் மிகுதியாக இருந்தால், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அச்சை மட்டும் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் மிகுதி என்றால் குற்றம் அச்சில் இருக்கிறது. மோட்டாரும் அச்சும் ஒரே கோட்டில் நிற்கவில்லை, அல்லது குழாயில் கிரீஸ் இறுகிவிட்டது. அச்சு தாராளமாகச் சுழன்றால் குற்றம் புரொப்பெல்லரில். அதைவிட ஓரளவு சிறியதை மாட்டுங்கள். ஐந்து நிமிஷம் ஓட்டியபின் மோட்டார்மேல் விரலை வையுங்கள். விரலை எடுக்காமல் பத்து எண்ண முடிந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இந்த மேஜைமேல் ஒரு நீர்த்தொட்டியும், 6 வோல்ட் பேட்டரியும், 540 மோட்டார் ஒன்றும், அம்மீட்டரும், 30, 35, 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று புரொப்பெல்லர்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டப்போகிறேன். மாணவ நண்பர்கள் முன்னே வரலாம். ஆம்பியரைப் படித்துச் சொல்ல ஒருவரும், அதைக் கரும்பலகையில் எழுத ஒருவரும் வேண்டும்.